தங்கை எழுதிய மூன்று காரணங்கள்

என் தங்கை ஹெல்லேவி ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிட்டு எழுதிய கடிதத்தில், ஹெல்சிங்கிக்கு வருவதற்கு மூன்று காரணங்கள் சொல்லியிருந்தாள். பண்பாடு, இயற்கை, இரவுக் கொண்டாட்டம். மூன்றும் பொய் என்று கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பண்பாடு என்று எடுத்துக்கொண்டால், அவள் இருக்கும் கூஹ்மோ ஊரில் வருஷாவருஷம் கோடையில் இசை விழா நடக்கிறது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த இரண்டு வாரமும் ஹெல்லேவி வீட்டைப் பூட்டிக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு ஹில்லாப் பழம் பறிக்கப் போய்விடுவாள். இயற்கை என்றால், அவள் கொல்லையில் கரடி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறது. அதற்கு மேல் தலைநகரத்தில் என்ன இயற்கையைக் காட்டிவிட முடியும்? இரவுக் கொண்டாட்டம் பற்றிச் சொல்லவே வேண்டாம். எட்டரைக்குப் படுத்துவிடுகிறவள்.

ஆகவே வேறு காரணம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

மார்ச் மாதம் அடுப்பில் வைத்த மீன் சூப் தீய்ந்து, புகை மணி அடித்து, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. சூப் தீய்ந்ததற்குக் காரணம் என் மகன் யார்க்கோ. தம்பெரேயிலிருந்து போன் செய்து, நான் தனியாக இருப்பதில் உள்ள ஆபத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தான். அந்த விவரம் அவன் மனதில் பதியவில்லை. மணி அடித்தது மட்டும் பதிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு: அம்மாவுக்கு எழுபத்து மூன்று ஆகிறது, ஞாபகம் தடுமாறுகிறது, ஹெல்சிங்கியில் இந்தக் கல்லியோ பேட்டை வீட்டை விற்றுவிடலாம், கூஹ்மோவில் சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வயதானவர்கள் குடியிருப்பில் ஓர் அறை காலியாகிறது. சுவரெல்லாம் இளம் பச்சை என்றான். நான் இந்த மூன்றாம் மாடி வீட்டில் நாற்பத்தைந்து வருஷமாக இருக்கிறேன். இங்கே சுவர் என்ன நிறம் என்று அவனைக் கேட்டால் சொல்வானா தெரியாது.

மே மாதம் பொறுமை போய் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் பதில் கடிதம் எழுதிய கை. ஒரே வாக்கியத்தில் விவகாரத்தை முடிக்கத் தெரியும் என்ற கர்வம் அதற்கு உண்டு. ‘உன் சித்தி ஹெல்லேவி நேரில் வந்து பார்த்துவிட்டு இதையே சொன்னால், மறுபேச்சு இல்லாமல் வீட்டைக் காலி செய்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஹெல்லேவி ஊரைவிட்டு நகரமாட்டாள் என்கிற தைரியம். கையெழுத்துப் போட்டதை நான் மாற்றுவதில்லை. அது என் மகனுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆகஸ்டில் அவள் நகர்ந்துவிட்டாள்.

இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை, மதியம் ரயில் நிலையத்தில் அவளைக் கூப்பிடப் போனேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பையிலிருந்து ரப்பர் பூட்ஸின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“இது எதுக்குடி? இங்க ரோடெல்லாம் போட்டிருக்காங்க.”

“இயற்கைக்கு,” என்றாள் ஹெல்லேவி.

“உன் கடிதாசுல முதல்ல பண்பாடு.”

“அப்ப அதை முதல்ல முடிச்சிட்டு வந்துடுவோம். எத்தனை மணி நேரம் ஆகும்?”

பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரி கேட்டாள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஓவியக் கூடம். கோட்டையும் பெட்டியையும் பூட்டி வைக்கும் இடத்தில் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். நாலு அறை சுற்றியிருப்போம். சட்டென்று திரும்பினாள்.

“அக்கா, நம்ம பெட்டகம் நம்பர் என்ன?”

“சாவி உன் கையிலதானே இருக்கு.”

“இருக்கு. இருந்தாலும் கேக்கறேன்.”

“நூத்திப் பதினேழு.”

சாவியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நீல அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதினாள்.

“என்ன எழுதற?”

“படத்தோட பேரு. பிடிச்சிருந்துது.”

நாங்கள் நின்றது கழிப்பறை வாசலில்.

அப்போதே நான் உஷாராகிவிட்டேன். அன்று முழுக்க அவள் கேட்டதை எல்லாம் நேராகப் பார்த்துப் பதில் சொன்னேன். எந்த வாசல் வழியாக வந்தோம், குதிரைப் படம் எந்த மாடியில் இருந்தது, டிராமில் எத்தனை நிறுத்தம் தாண்டினோம். வியாழன் மாலை ஏழிலிருந்து எட்டுவரை எங்கள் கட்டடத்தின் சவுனாவில், எல்லோருக்கும் பொதுவான நீராவிக் குளியலறையில், என் வீட்டு முறை. நீராவியில் மேல் படியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தபோதும் அவள் விடவில்லை.

“அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?”

“வியாழன். வேற கிழமையா இருந்தா இந்நேரம் நீயும் நானும் லிண்ட்ரூஸ் வீட்டுக்காரங்க முறையில அம்மணமா உக்காந்திருப்போம். அவங்களே உள்ள வந்து கிழமையைச் சொல்லியிருப்பாங்க.”

ஹெல்லேவி சிரித்தாள். ஆனாலும் கை பரபரத்தது. சவுனாவுக்குள் நோட்டுக் கொண்டுவர முடியாதே. மேலே வீட்டுக்குப் போனதும் துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றபடி எழுதினாள். முதல் நாள் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை காபியைக் கலக்கிக்கொண்டே, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

“இன்னைக்கு இயற்கை இல்லையா? உன் காளான் இடத்துக்குப் போயிட்டு வருவோமே.”

கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

நூக்சியோ காட்டில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. காடு எல்லோருக்கும் பொது, காளானை யாரும் பறிக்கலாம், அதெல்லாம் சரி. ஆனால் மஞ்சள் காளான் வருஷாவருஷம் அதே இடத்தில்தான் முளைக்கும். இடத்தைச் சொன்னால் காளானைக் கொடுத்த மாதிரி. 1995 ஆகஸ்டில் அவசரமாக ஒதுங்கப் புதர் தேடிப் போனபோது அது என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் டாய்ஸ்டோ காரை ஓட்டிக்கொண்டு வருவார், சாலையோரம் நிறுத்திவிட்டுப் பேப்பர் படிப்பார். பின்னாலேயே வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் ஏரியில் மீன் கடிக்கிற ஓர் இடம் இருந்தது. அதை என்னிடம் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர்.

யாராவது இடம் எங்கே என்று கேட்டால் நாங்கள் சொல்கிற பதில் ஒன்றுதான்: எங்கேயோ அந்தப் பக்கம், சரியாக ஞாபகம் இல்லை. கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அதுதான் மரியாதை. நேராகக் கேட்பதே மரியாதைக் குறைவு. சொந்தத் தங்கையாக இருந்தாலும்.

இப்போது என் சந்தேகம் இரண்டாகப் பிரிந்தது. இவள் என்னை வேவு பார்க்க வந்தவளா, காளானுக்கு வந்தவளா? முதல் நாள் கேள்விகளை வைத்துப் பார்த்தால் வேவு. ரப்பர் பூட்ஸை வைத்துப் பார்த்தால் காளான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே! வேவுக்கு பூட்ஸ் எதற்கு? நான் காளான் பக்கம் சாய்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இதைப் பெரிதாகவே வைக்கவேண்டும்.

“போலாமே,” என்றேன். “கூடையை எடுத்துக்க.”

புறநகர் ரயில், பிறகு பேருந்து. இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். ஒரு குட்டையைச் சுற்றினோம். பாறை மேடு ஏறினோம், மறுபக்கம் இறங்கினோம். இடி விழுந்து பாதி கருகிய ஊசியிலை மரம் ஒன்று வந்தது. அதற்கு இடப்பக்கம் திரும்பி, முக்கால் மணி நேரம் நடந்து, மறுபடி அதே மரத்துக்கு வந்தோம்.

“இங்கதான் எங்கயோ,” என்றேன்.

“எங்க?” என்றாள்.

“சரியா ஞாபகம் இல்ல. அந்தப் பக்கமா இருக்கலாம்.”

ஹெல்லேவி என் முகத்தைப் பார்த்தாள். நான் பாசியைப் பார்த்தேன். மறுபடி நடந்தோம். இந்தத் தடவை வலப்பக்கம். அவள் களைத்துப்போய், போதும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்வரை சுற்றுவது என் திட்டம். கூஹ்மோக்காரியை நடக்க வைத்துக் களைக்கச் செய்ய முடியாது என்பதை மறந்துவிட்டேன். எனக்குத்தான் முழங்கால் வலித்தது. மூன்றாவது தடவையாக அந்தக் கருகிய மரம் எதிரில் வந்தபோது அவள் நின்றாள். மரப்பட்டையில் கை வைத்தாள்.

“அக்கா,” என்றாள். குரல் மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. “இந்த மரத்த நாம முன்னாடி பாத்தமா?”

“இல்லையே. இது வேற மரம்.”

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் தொட்டுக்கொள்கிற குடும்பம் இல்லை. அப்பா அடக்கத்தன்றுகூடக் கை கொடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தப் பிடியிலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். எனக்கோ, கொஞ்சிப் பேசி இடத்தைக் கறக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. கையை உதறிவிட்டு நடந்தேன். கூடையில் மூன்று காளானும் புழு விழுந்த சிவப்பு ஒன்றும் இருந்தன. பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஐந்து மணிக்குக் காபி போட்டுக்கொண்டு அவளைத் தேடினேன். பால்கனிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“யார்க்கோ, சித்தி பேசறேன்டா... நேத்து நல்லாத்தான் இருந்தா. இன்னைக்குத்தான். ஒரே மரத்தையே மூணு தடவ சுத்தி வந்தா. இருபத்தெட்டு வருஷமா போற இடம், ஞாபகம் இல்லன்னு அவ வாயாலயே சொல்றா. அதே மரத்த வேற மரம்னு சாதிக்கிறா... ஆமா. ஆமா, அந்த ரூம இன்னொருத்தருக்குக் குடுத்துட வேணாம்னு சொல்லி வை. நாளைக்கு ரயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிவா சொல்றேன்... அழலடா. ஜலதோஷம்.”

காபிக் கெண்டியோடு நின்றேன். சுடுகிறது என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உடனே கதவைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடத்தை விட்டுக்கொடுக்காமல் வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்று தோன்றியது. மூன்றாவது காரணம் இன்னும் பாக்கி இருந்ததே.

“கிளம்பு,” என்றேன் அவள் உள்ளே வந்ததும். “இரவுக் கொண்டாட்டம்.”

“இன்னும் ஆறுகூட ஆகலயேக்கா.”

“கொண்டாட்டம் ஆறரைக்கு ஆரம்பிக்குது.”

எங்கள் தெரு முனையில் ஒரு மதுக்கடை. வெள்ளிக்கிழமைகளில் கரோக்கே, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம். ஒலிபெருக்கியையும் வரிகள் ஓடும் திரையையும் பார்த்துக்கொள்கிறவன் வெய்யோ. முப்பது வருஷமாக அதே கையில்லாத தோல் சட்டை. நான் ஒரு பழைய டாங்கோப் பாட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதில் நாலு சரணம், ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி தொடங்கி வேறு மாதிரி முடிகிற வரிகள். முறை வந்ததும் மேடையேறி, திரைக்கு முதுகைக் காட்டி, ஹெல்லேவியைப் பார்த்து நின்றேன்.

“ஓர்வொக்கி, திரை அந்தாண்ட இருக்கு,” என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒலிபெருக்கியிலேயே சொன்னான் வெய்யோ. கடையே சிரித்தது.

“எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ பட்டன அமுக்கு.”

நாலு சரணமும் ஒரு சொல் பிசகாமல் பாடினேன். சுருதி பிசகியது, அது வேறு விஷயம். மூலை மேசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்று, “அந்தம்மாவுக்கு திரையே வேணாம், எனக்கு ரெண்டு திரையா தெரியுது!” என்று கத்தினான். கைதட்டல் நிற்கவில்லை. இறங்கி வந்து ஹெல்லேவி எதிரில் உட்கார்ந்தேன்.

“எப்படி?”

அவள் கண் ஈரமாக இருந்தது. மேசைமேல் இருந்த என் கையைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு நாளில் இரண்டாவது தடவை.

“நல்லா இருந்துதுக்கா. ரேடியோவுல ஒரு டாக்டர் சொன்னாரு. எல்லாம் போனாலும் பாட்டுதான் கடைசியா போகுமாம்.”

அத்தோடு எனக்குப் பொறுமை தீர்ந்தது.

“நோட்ட எடு.”

“எந்த நோட்டு?”

“நீல நோட்டு. கழிப்பறை வாசல்ல படம் பாத்து எழுதினியே, அது. இன்னைக்கு என்ன எழுதியிருக்க?”

ஹெல்லேவிக்குக் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

“யார்க்கோதான் கேட்டுக்கிட்டான். நீயே எழுதிக் குடுத்தியாமே, நான் சொன்னா வந்துடறேன்னு. அவன் அந்தக் கடிதாச போட்டோ புடிச்சு அனுப்பினான். எனக்கு மட்டும் ஆசையா? மூணு வாரமா தூக்கம் இல்ல. நேத்து உன்னப் பாத்துட்டு, இவனுக்குத்தான் பைத்தியம்னு எழுதினேன். வீட்டுக்குப் போய்ப் பாரு, எழுதியிருக்கேன். இன்னைக்கு காட்டுல...” என்று நிறுத்தினாள்.

“காட்டுல உன்ன ஏமாத்தினேன்.”

“என்னது?”

“வேணும்னேதான் சுத்தினேன். நீ என் இடத்தப் புடுங்க வந்திருக்கன்னு நெனச்சேன். எனக்கு அந்த மரம் தெரியாதா? அது 2010 ஜூலையில இடி விழுந்த மரம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நம்பவேண்டும் என்று ஆசைப்படுகிற முகம் அது, நம்பிய முகம் இல்லை.

“அப்படித்தான்கா எல்லாரும் சொல்வாங்களாம். மறந்துட்டு, வேணும்னே செஞ்சேன்னு.”

“அதுவும் உன் டாக்டர் ரேடியோவுல சொன்னாரா?”

“ஆமா.”

“ஹெல்லேவி, நீயே யோசிச்சுப் பாரு. உன் ஹில்லாப் பழம் வர்ற சதுப்பு எங்க இருக்குன்னு ஒருநாளாவது எனக்குச் சொல்லியிருக்கியா?”

“அது வேற. நான் சொல்லமாட்டேன்னு நேரா சொல்லிடுவேன். நீ ஞாபகம் இல்லன்னு சொன்ன. எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும். நாளைக்கு அவன் கேட்டா நான் பாத்தத்தான் சொல்ல முடியும்.”

ஹெல்லேவிக்குப் பொய் சொல்ல வராது என்பது உண்மை. வந்திருந்தால் கழிப்பறை வாசலில் மாட்டிக்கொண்டிருக்க மாட்டாள். அதனால்தானே அவள் பெயரை அந்தக் கடிதத்தில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். யோசிக்க அதிகம் இல்லை. ஒரு பக்கம் நாற்பத்தைந்து வருஷத்து வீடு, கீழே டிராம் சத்தம், வியாழக்கிழமைச் சவுனா, என்னைக் கிண்டல் செய்கிற வெய்யோ. மறு பக்கம் ஒரு சரிவில் கொஞ்சம் பாசி. நியாயமாகப் பார்த்தால் இது ஒரு கேள்வியே இல்லை. அப்படியும் விடிகிறவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்கு அவளை எழுப்பினேன்.

“பூட்ஸ மாட்டு. இன்னைக்கு நேரா போறோம்.”

முதல் பேருந்து. எங்களைத் தவிர நாயோடு ஒரு ஆள் மட்டும் இருந்தான். எங்கள் நிறுத்தத்திலேயே அவனும் இறங்கினான். எனக்கு அது பிடிக்கவில்லை. பூட்ஸில் கல் புகுந்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். நாய் ஒவ்வொரு கம்பமாக நின்று, அவன் வளைவு தாண்டி மறைய ஒன்பது நிமிஷம் ஆயிற்று.

“அவன் நாய நடத்திட்டுப் போறான்கா,” என்றாள் ஹெல்லேவி.

“கூடையில்லாம வந்திருக்கான். பையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

அவளும் வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

நிறுத்தத்திலிருந்து பதினான்கு நிமிஷம். வழியை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டில் கூடை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு இடத்தில்கூட நிற்காமல், ஒரு கிளையையும் விலக்கிப் பார்க்காமல் நடந்தேன் என்பதை மட்டும் சொல்லலாம். போகிற வழியில், “இப்ப ஒரு வாய்க்கால் வரும், பலகை ஆடும், இடது ஓரமா கால் வை,” என்றேன். வாய்க்கால் வந்தது, பலகை ஆடியது. “இப்ப ஒரு பாறை, பன்னி படுத்திருக்கற மாதிரி.” பாறை வந்தது. அதற்குள் ஹெல்லேவியின் மூச்சு மாறியிருந்தது. கடைசியாக ஒரு கிளைக்குக் கீழே குனிந்து, நிமிர்ந்து, ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டேன்.

சரிவு முழுக்க மஞ்சளாக இருந்தது. மூன்று நாள் முன்னால் பெய்த மழைக்குக் காளான்கள் பாசியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தன. நான்கூட அந்த வருஷத்தில் அப்போதுதான் பார்க்கிறேன்.

ஹெல்லேவி முழங்காலிட்டு உட்கார்ந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“அத்தானுக்குக்கூடக் காட்டலயா?” என்றாள்.

“கார்ல பேப்பர் படிச்சாரு.”

“முப்பது வருஷமாவா?”

“ஞாயித்துக்கிழமை பேப்பர் பெருசுடி.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அது ஒரு கட்டத்தில் சிரிப்பாக இல்லை. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு, “ஜலதோஷம்,” என்றாள். நான் வேறு பக்கம் பார்த்தபடி கத்தியை அவளிடம் நீட்டினேன். அறுக்க ஆரம்பித்தோம். அவள் சட்டென்று நிறுத்திப் போனை எடுத்தாள்.

“உள்ள வை அத.”

“யார்க்கோவுக்குச் சொல்லவேணாமா?”

“இங்கேருந்து வேணாம். போன் எங்க நிக்குதுன்னு அதுக்குள்ள குறிச்சு வெச்சுக்குமாம்.”

ஹெல்லேவி போனை அணைத்தே விட்டாள். இரண்டு கூடையும் நிறைந்தது. திரும்பும்போது அவள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். பாறையை ஒரு தடவை, இரட்டைப் பிர்ச் மரத்தை ஒரு தடவை. அழகுக்காகப் பார்க்கிறாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகு போன் செய்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

“யார்க்கோ, சித்தி பேசறேன். அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு. ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. உன் மூளையையும் என் மூளையையும் சேத்து வெச்சாலும் அவளுக்கு ஈடாகாது.”

“நேத்து மரத்த மூணு தடவ சுத்தினாங்கன்னு சொன்னீங்களே சித்தி?”

“என்னச் சுத்த விட்டாடா. காளான் இடத்த நான் பாத்துடக்கூடாதுன்னு. இன்னைக்கு நேரா கூட்டிட்டுப் போனா. கண்ண மூடிக்கிட்டே போயிருப்பா.”

அவன் மேற்கொண்டு என்ன வாதம் செய்வான், சூப்பை இழுப்பானா, தீயணைப்பு வண்டியை இழுப்பானா என்று மனதுக்குள் பதில்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

“சித்தி,” என்றான் யார்க்கோ. குரல் தாழ்ந்து, வேறு மாதிரி ஆகியிருந்தது. “அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

ஹெல்லேவி என்னைப் பார்த்தாள். “இல்ல. பேருந்து வருதான்னு பாக்கப் போயிருக்கா.” காது சிவந்தது.

“அந்த இடம் எங்க இருக்கு? நான் சின்ன வயசுலேருந்து கேக்கறேன், எனக்குக்கூடச் சொல்லல.”

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வராதவள். சவுனாவில் உட்கார்ந்த மாதிரி முகமெல்லாம் செக்கச் சிவந்துவிட்டது. கூடைமேல் போட்டிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

“எங்கயோ அந்தப் பக்கம்டா,” என்றாள். “சரியா ஞாபகம் இல்ல.”

“இப்பத்தானே சித்தி போயிட்டு வந்தீங்க!”

“எல்லா மரமும் ஒண்ணு மாதிரிதான்டா இருக்கு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பேருந்தில் ஏறும்போது அவளுக்கு நான் கை கொடுத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு ரயில். வெண்ணெயில் வதக்கிய காளானைக் கறுப்பு ரொட்டிமேல் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நடைமேடையில் நின்றபோது, நீல நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் திணித்தாள். ஹில்லாச் சதுப்புக்கு வரைபடம். ஒரு பாதை, ஓர் ஏரி, ஒரு மரப்பாலம், ஒரு பெருக்கல் குறி.

“ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு,” என்றாள். “சரியாப் போச்சு.”

ரயில் நகர்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரைபடத்தில் ஏரி பாதைக்கு இடப்பக்கம் இருந்தது. நானும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் ஞாபகத்தில் அந்த ஏரி வலப்பக்கம். அவள் அவசரத்தில் மாற்றி வரைந்தாளா, எனக்குத்தான் உண்மையிலேயே தடுமாறுகிறதா, இல்லை வேண்டுமென்றே வரைந்தாளா? ஜூலை கடைசியில் பழம் பழுக்கும்போது திசைகாட்டியோடு நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யார்க்கோ வழக்கம்போலப் போன் செய்தான். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்திக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிற மாதிரி இருக்கிறது, நீ கவனித்தாயா என்று கவலையோடு கேட்டான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கவனிக்கவில்லையே என்றேன்.

அன்று மாலை துடைப்பத்தை எடுக்க நடைக்கூடத்து அலமாரியைத் திறந்தேன். என் ரப்பர் பூட்ஸ் பக்கத்தில் இன்னொரு ஜோடி நின்றது. கழுவித் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் கெடாதபடி வைக்கப்பட்டிருந்தது.

துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் பூட்ஸிலும் பேப்பரை அடைத்து வைத்தேன்.